சல்லடையில் நின்ற பெயர்

டெமா, கம்யூனிட்டி நான்கு
6 பிப்ரவரி 2023, திங்கள்

அன்புள்ள அஜோவா அக்காவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக. இந்தக் கடிதத்தையும் ஒரு புட்டி ஷிட்டோ மிளகாய்த் தொக்கையும் மாங்கெசிம் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். புட்டி ஒழுகினால் காரம் குறைந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். போனில் பேசியிருப்பேன். ஆனால் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் அங்கே வந்து கிளம்பியபோது, “யாரும் எனக்குப் போன் பண்ணாதீங்க. என் பையன் கூப்பிடுற நேரத்துல லைன்ல நீங்க இருந்தா நான் என்ன பண்றது?” என்று உங்கள் தம்பியையே அதட்டினீர்கள். குறுஞ்செய்தி அனுப்பினால் அது உங்கள் குழுக்களில் வரும் எண்பது வாழ்த்துகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆகவே பேனாவை எடுத்தேன்.

கடல் தாண்டிப் பிழைக்கப் போன நம் கோபினா கடைசியாகப் பேசியது ஆகஸ்ட் பத்தொன்பது. லிபியாவுக்குள் வந்துவிட்டோம் என்றான், உங்கள் பழைய எண் ரத்தாகிவிட்டது என்றதும் புது எண்ணைத் தன் போனில் பதிந்துகொண்டான், அதோடு சரி. அன்றிலிருந்து நீங்கள் பயணிகளின் பக்கம், தாய்மார் குழு, வானொலிப் பக்கம், ஊர்ச் சங்கம் என்று பதினான்கு இடங்களை விரலால் தள்ளிக்கொண்டே இருக்கிறீர்கள். என் கண்ணால் பார்த்தேன். அடுப்பில் வறுக்கிற மரவள்ளிக் காரி கருகுகிறது, கிளறுகிற துடுப்பு கையில் அப்படியே நிற்கிறது, உங்கள் பார்வை போனில் இருக்கிறது.

உங்களுக்காக ஒரு காரியம் செய்திருக்கிறேன். செய்தியோடை படிப்பான் என்று ஒன்று உண்டு. கட்டற்ற மென்பொருள். அதை எழுதியவர்கள் நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், பூட்டு கிடையாது. துறைமுகத்தில் கழித்துவிட்ட கம்ப்யூட்டர் ஒன்றை உங்கள் தம்பி வீட்டுக்குக் கொண்டுவந்தாரே, அதில் ஏற்றியிருக்கிறேன். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. குறிப்புகளைப் படித்து, தவறி, மறுபடி படித்து, மூன்று வாரம் ஆயிற்று. “சமையலறையில இருக்க வேண்டியவ அதோட என்ன சண்டை போடுற?” என்று உங்கள் தம்பி ஃபீஃபி கேலி செய்தார். இன்று காலை அது ஓடியதும் வாயை மூடிக்கொண்டார்.

அந்தப் பதினான்கு இடங்களில் யார் எதைப் போட்டாலும் இது போய் எடுத்துவரும். நான் எழுதிவைத்த விதிகளின்படி சலிக்கும். பிறந்தநாள் வாழ்த்து, கால்பந்து, விளம்பரம், சிரிப்புப் படம் எல்லாம் சல்லடையில் நின்றுவிடும். பயணம் போனவர்களைப் பற்றியது மட்டும் இறங்கி உங்கள் போனில் ஒரே பக்கமாக வரும். கோபினா, அல்லது வீட்டில் கூப்பிடும் எபோ, அல்லது எசில்ஃபி என்ற குடும்பப் பெயர், இவற்றில் ஒன்று இருந்தால் சிவப்புக் கோட்டோடு எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் குழுக்களிலிருந்து விலகிவிடுங்கள். காலையில் அரைமணி, மாலையில் அரைமணி இந்தப் பக்கத்தைப் பார்த்தால் போதும். மற்ற நேரம் சாப்பிடுங்கள். ஜெபியுங்கள்.

உங்கள் தம்பி மனைவி,
எக்குவா


மாங்கெசிம்
18 பிப்ரவரி

எக்குவா,

ஷிட்டோ வந்தது. ஒழுகவில்லை. உப்பு கூட.

நீ சொன்னபடி எல்லாக் குழுக்களிலிருந்தும் வெளியே வந்துவிட்டேன். முதல் இரண்டு நாள் கை அரித்தது, மூக்குப்பொடியை விட்டவள் மாதிரி. சந்தையில் எசாபா, “என்ன அஜோவா, உன் போனைக் கட்டிக் குடுத்துட்டியா? கையில காணோமே!” என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று அந்தச் சிரிப்பே என்னைக் கேட்டது.

பொய் சொல்ல மாட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் பார்க்கிறேன். நாலு பேர் திரும்பி வந்தார்கள், ஒரு பையன் அம்மாவைக் கூப்பிட்டான், ஒரு சபை ஜெபம் வைத்திருக்கிறது. பார்த்துவிட்டு மூடுகிறேன். இந்த வாரம் ஒரு சட்டி காரிகூடக் கருகவில்லை. திங்கட்கிழமை பகலில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். விழித்ததும் பயந்துவிட்டேன், யாரையோ எங்கேயோ மறந்துவிட்டு வந்தவள் போல.

சிவப்புக் கோடு இன்னும் வரவில்லை. அது எப்படி இருக்கும்? தக்காளிச் சிவப்பா, செம்மண் சிவப்பா? வந்தால் எனக்குத் தெரியுமா?

ஒன்று கேட்கிறேன். முன்னெல்லாம் மழைக்காலத்துச் சாக்கடை மாதிரி வந்து கொட்டும். இப்போது சொட்டுச் சொட்டாக வருகிறது. அவ்வளவுதானா?

என் தம்பிக்குச் சாப்பாட்டில் எண்ணெயைக் குறை. போன தடவை அவன் கன்னத்தைப் பார்த்தேன்.

அஜோவா


டெமா
1 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் பகலில் தூங்கினீர்கள் என்று படித்ததும் முழங்காலிட்டு நன்றி சொன்னேன். வியாழக்கிழமை பெண்கள் கூட்டத்திலும் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, “ஒரு தாய்” என்று மட்டும் சொன்னேன்.

அந்தக் கோடு மிளகாய்ப்பழச் சிவப்பு. வந்தால் தெரியாமல் போகாது.

அவ்வளவுதானா என்று கேட்டீர்கள். வாயால் சொல்வதைவிடக் கணக்காகச் சொல்கிறேன். என் நோட்டில் தினமும் எழுதி வருகிறேன். பிப்ரவரி ஆறு முதல் நேற்று வரை அந்தப் பதினான்கு இடங்களிலிருந்து வந்தவை நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. உங்கள் போனுக்கு இறங்கியவை அறுபத்து மூன்று. பாருங்கள், அந்த நாலாயிரத்தையும் உங்கள் கண்கள் தாங்க வேண்டியிருந்திருக்கும்!

மின்சாரம் போனால் அரைநாள் தாமதமாக வரும். அதற்காகக் கலங்க வேண்டாம். வந்ததும் விட்டதைச் சேர்த்து எடுத்துக்கொள்ளும், எதையும் தவறவிடாது.

எண்ணெயைக் குறைத்துவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

எக்குவா


மாங்கெசிம்
11 மார்ச்

எக்குவா,

உன் கணக்கைப் பத்து நாளாக மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டில் அறுபத்து மூன்று. மீதி நாலாயிரத்து நாற்பத்தொன்பது எங்கே?

எல்லாம் கால்பந்து என்று சொல்லாதே. நான் அந்தக் குழுக்களில் ஆறு மாதம் குடியிருந்தவள். அங்கே என்ன வரும், எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியும். நீ சல்லடை சல்லடை என்று எழுதுகிறாய். நான் முப்பது வருடமாக மரவள்ளி சலிக்கிறவள். சல்லடையில் நிற்கிற திப்பியை ஆட்டுக்குப் போடுவதற்கு முன்னால் கையால் ஒரு தடவை தடவிப் பார்ப்பேன். ஒரு நாள் அதில் என் காதுத் தோடு கிடைத்தது. நீ தடவிப் பார்த்தாயா?

இந்த ஒரு மாதத்தில் ஒருவன்கூடச் சாகவில்லை, எக்குவா. அந்தப் பாலைவனத்தில், அந்தக் கடலில், ஒருவன்கூட. திரும்பி வருகிறார்கள், பாடுகிறார்கள், அம்மாவைக் கூப்பிடுகிறார்கள். எனக்கு அது முதலில் சந்தோஷமாக இருந்தது. இப்போது பயமாக இருக்கிறது.

பூட்டு கிடையாது, யாரும் திறந்து பார்க்கலாம் என்று முதல் கடிதத்தில் நீதானே எழுதினாய்? அப்படியானால் எனக்குத் திறந்து காட்டு. செத்தவர்களை மறைத்து வைத்திருக்கிறாயா? ஆம் அல்லது இல்லை என்று எழுது.

அஜோவா


டெமா
18 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் கடுமை. ஃபீஃபிக்கு இருமல் இருந்தது, இப்போது தேவலை. இத்துடன் ஆறு கெஜம் துணி அனுப்பியிருக்கிறேன், நீலத்தில் வெள்ளைப் பூ, ஈஸ்டருக்குத் தைத்துக்கொள்ளுங்கள்.

சல்லடையில் நிற்பவை பெரும்பாலும் வாழ்த்துகளும் விளையாட்டும்தான். சபை அறுவடைப் பெருவிழா விளம்பரம் மட்டும் ஒரே வாரத்தில் நூற்றுக்கு மேல் வந்தது. ஒரே படத்தை ஒவ்வொருவரும் மறுபடி மறுபடி போடுகிறார்கள். உங்களுக்குப் பயனில்லாத வேறு சிலவும் உண்டு.

நீங்கள் கேட்டதற்கு இப்படிச் சொல்கிறேன். கோபினாவின் பெயர் எதில் இருந்தாலும் சரி, அது எப்படிப்பட்ட செய்தியாக இருந்தாலும் சரி, மற்ற எல்லா விதிகளையும் தாண்டிக்கொண்டு வரும்படி வைத்திருக்கிறேன். இதை ஆண்டவர் முன்னிலையில் சொல்கிறேன். அவன் பெயர் இதுவரை வரவில்லை. வராதது நல்லதுக்குத்தான் என்று நம்புவோம். திறந்து காட்டுவதற்கு நீங்கள் இங்கே வர வேண்டும். கடிதத்தில் எப்படிக் காட்டுவது?

மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு நிம்மதி வர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கமில்லை.

எக்குவா


மாங்கெசிம்
3 ஏப்ரல், திங்கள்

எக்குவா,

சனிக்கிழமை சந்தையில் எசாபா என் கையைப் பிடித்து இழுத்தாள். “அஜோவா, நீ இதப் பாத்திருப்பேன்னு நெனச்சுட்டுத்தான் நான் வாயத் தொறக்கல. நீதான் மாசக்கணக்கா அதுலயே கெடந்தவளாச்சே. பாத்துட்டுத்தான் சும்மா இருக்கியோன்னு...” என்று தன் போனை நீட்டினாள்.

நான் மூன்று தடவை வாசித்தேன். இப்போது நீ வாசி. எசாபாவின் போனிலிருந்து ஒரு எழுத்து விடாமல் எழுதிவந்தேன்.

“பிப்ரவரி 10. எங்கள் கொட்டடியில் இந்த வாரம் ஐந்து பேர் இறந்துபோனார்கள். உடல்களை நாங்களே புதைத்தோம். உயிரோடு இருப்பவர்கள் பெயர் கீழே. போன்களைப் பறித்துவிட்டார்கள், வீட்டு எண் யாருக்கும் நினைவில்லை. இவர்களுடைய தாய்மாரைத் தெரிந்தவர்கள் இந்த எண்ணுக்கு வியாழக்கிழமை மதியம் கூப்பிடச் சொல்லுங்கள், அன்றைக்குக் காவல்காரன் தன் போனைத் தருவான். ஒசேய், குமாசி. யாவ், தெச்சிமான். குவாபெனா, மாங்கெசிம், அம்மா காரி வறுப்பவள், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.”

இடது புருவம். துடுப்பின் முனை பட்டது. நான்தான் வேகமாகத் திரும்பினேன். அவனுக்கு அப்போது ஐந்து வயது.

உயிரோடு இருக்கிறான் என்று எழுதியிருந்தது. கூப்பிடச் சொல்லி எழுதியிருந்தது. நான் அங்கேயே, மீன்காரிகள் நடுவில் நின்று அந்த எண்ணுக்குப் போட்டேன். அணைந்து கிடக்கிறது. நேற்றும் அணைந்து கிடக்கிறது. இன்றும்.

பிப்ரவரி பத்திலிருந்து ஏழு வியாழக்கிழமை போயிருக்கிறது. அந்த ஏழு மதியமும் நான் என்ன செய்தேன் தெரியுமா? நீ கொடுத்த நிம்மதியில் தூங்கினேன்.

உயிரோடு இருந்தவனைப் பிணங்களோடு சேர்த்து நீ ஒளித்துவிட்டாய். துணியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எழுதாதே.

அஜோவா


டெமா
5 ஏப்ரல்

அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். இதை மட்டும் எழுதாமல் இருக்க எனக்கு உரிமையில்லை. நீங்கள் மார்ச் பதினொன்றில் ஆம் அல்லது இல்லை என்று கேட்டீர்கள். ஆம்.

ஏழாவது விதி. நம் ஃபாண்டி மொழியிலும் ஆங்கிலத்திலுமாகப் பதினொரு சொற்கள். இறந்த, பிணம், உடல், மூழ்கிய, புதைத்த, இப்படி. இவற்றில் ஒன்று இருந்தால் அந்தச் செய்தி உங்களுக்கு வராது. ஒன்பதாவது விதி, அதையும் மீறி அவன் பெயர் இருந்தால் வரும் என்பது. அது பொய்யில்லை. ஆனால் நான் தட்டிய பெயர்கள் மூன்று. கோபினா, எபோ, எசில்ஃபி. குவாபெனா என்பது அதில் இல்லை.

செவ்வாய்க்கிழமை பிறந்தவன் நம் வாயில் கோபினா, அசாந்திக்காரர் வாயில் குவாபெனா. இது இந்த நாட்டில் பாலர் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும். எங்கள் தெருவிலேயே இரண்டு குவாபெனா இருக்கிறார்கள். கறிகாய் விற்கும் அசாந்திப் பெண் உங்கள் தம்பியைக்கூட ஃபீஃபி என்று கூப்பிடுவதில்லை, “கோஃபி அண்ணா, நாளைக்கும் கடன் கிடையாது” என்பாள். தெரிந்திருந்தும் என் கைக்கு அது வரவில்லை. நான் ஒரு பயணியின் பெயரைத் தட்டவில்லை, அக்கா. நம் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவது போலத் தட்டினேன். அவன் அந்நியர்கள் நடுவில் இருக்கிறான், அவர்கள் தங்கள் நாக்குக்கு வந்தபடி கூப்பிடுவார்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

ஏன் ஏழாவது விதி என்று கேட்பீர்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நீங்கள் ஒரு படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மணலில் ஒரு கால். முகம் இல்லை. “இவனுக்கு ரெண்டாவது விரல் நீளம். என் புள்ளைக்குக் கட்டைவிரல்தான் நீளம்” என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனீர்கள், கடையில் செருப்புப் பார்ப்பவர் மாதிரி. நான் கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தேன். இதை இவர் இனிமேல் பார்க்கக் கூடாது என்று அங்கேதான் முடிவு செய்தேன்.

இதுவரை சொன்னதை நீங்கள் ஒருவேளை பொறுப்பீர்கள். பொறுக்க முடியாதது இனிமேல்தான்.

ஏழாவது விதியில் நின்றவற்றை நான் அழிக்கவில்லை. தனியாக ஓர் அடுக்கில் என்னிடம் வரும்படி வைத்தேன். உங்களுக்குப் பதிலாக நான் தினமும் அவை ஒவ்வொன்றையும் வாசிப்பேன் என்று ஆண்டவரிடம் பொருத்தனை செய்தேன். ஆறாம் தேதி வாசித்தேன். ஏழாம் தேதி வாசித்தேன். எட்டாம் தேதி அதில் ஒரு கர்ப்பிணி. ஒன்பதாம் தேதி திறக்கவில்லை, நாளை சேர்த்து வாசிக்கலாம் என்றேன். பத்தாம் தேதி அவன் வந்தான்.

அதன்பிறகு நான் அந்த அடுக்கைத் திறக்கவே இல்லை. பக்கத்தில் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். மார்ச் ஒன்றில் உங்களுக்குக் கணக்கு எழுதியபோது அது அறுநூற்றுப் பன்னிரண்டு. இன்று ஆயிரத்து இருநூற்று நாற்பது. உங்களுக்காக மறைத்தேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். எனக்காகவும்தான் மறைத்தேன்.

இன்று தொடங்குகிறேன். கடைசி வரை வாசிப்பேன்.

எக்குவா


டெமா
20 ஏப்ரல்

அக்காவுக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. வண்டிக்காரர், “அந்தம்மா கவரை வாங்கி அடுப்புப் பக்கத்துல வெச்சாங்க. எரிச்சாங்களா படிச்சாங்களான்னு நான் நின்னு பாக்கல” என்றார். எரிக்காமல் இருந்தால் இதையும் வாசியுங்கள். இதில் மன்னிப்புப் பேச்சு எதுவும் இல்லை, செய்தி மட்டும்தான்.

பெரிய வெள்ளியன்று சபைக்குப் போய் வந்த நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அதன் முன்னால்தான் இருந்தேன். முழுவதும் வாசித்துவிட்டேன். குவாபெனா என்ற பெயர் இருபத்தாறு இடத்தில் வருகிறது. இருபத்திரண்டு வேறு ஆட்கள். நமக்கானது நான்கு.

ஒன்று, பிப்ரவரி பத்து. நீங்கள் அறிந்தது.

இரண்டு, மார்ச் மூன்று. அதே ஒசேய் எழுதியிருக்கிறான். “நேற்று இன்னொருவனைப் புதைத்தோம். மாங்கெசிம் குவாபெனாவின் வீட்டார் இன்னும் கூப்பிடவில்லை. யாராவது சந்தையில் சொல்லுங்கள்.”

மூன்று, ஏப்ரல் ஒன்று. கொட்டடியைக் காலி செய்துவிட்டார்கள். மார்ச் முப்பத்தொன்று வெள்ளிக்கிழமை எல்லோரையும் லாரியில் ஏற்றி வேறு இடம் கொண்டுபோனார்கள். வழியில் இருவர் இறந்தார்கள். அவர்களில் அவன் இல்லை. பழைய எண் இனி உதவாது. எசாபா உங்களுக்குக் காட்டியதற்கு முந்தின நாள் இது நடந்திருக்கிறது. இதை எழுத என் கை வரவில்லை. மறைக்க மாட்டேன் என்று தீர்மானித்ததால் எழுதுகிறேன்.

நான்கு, ஏப்ரல் பதினான்கு. தாய்நாட்டுக்குத் திரும்பப் பெயர் கொடுத்தவர்களின் பட்டியல். பதினேழாவது பெயர் குவாபெனா, மாங்கெசிம். விமானம் எப்போது என்று போடவில்லை. மே மாதம் என்கிறார்கள்.

அந்த நான்குக்கும் கீழே என் பெயரில் எழுதியிருக்கிறேன்: “குவாபெனாவின் தாய் இருக்கிறாள். தேடிக்கொண்டிருக்கிறாள். இதுதான் அவள் எண்.” உங்களைக் கேட்காமல் உங்கள் எண்ணைப் போட்டேன். வேண்டாதவர்களும் கூப்பிடுவார்கள். எடுங்கள்.

ஏழாவது விதியை அழித்துவிட்டேன். விதிகள் அத்தனையும் பின்பக்கம் என் கையால் எழுதியிருக்கிறேன், எட்டு இருக்கின்றன. ஒன்றும் விடவில்லை. எது வேண்டாமோ நீங்கள் அடித்து அனுப்புங்கள். அதன்படி வைக்கிறேன்.

எக்குவா


மாங்கெசிம்
12 மே

எக்குவா,

உன் கடிதத்தை எரிக்கவில்லை.

உன்னால் என் போன் ஓயவில்லை. பணம் அனுப்பினால் காட்டுகிறோம் என்று மூன்று பேர் என் மகனை எனக்கே விற்கப் பார்த்தார்கள். ஒருவன் தான்தான் என் மகன் என்றான், குரல் ஐம்பது வயது. “அம்மா, என்னைத் தெரியலியா?” என்றான். “தெரியுதுப்பா, உன் பேரப்புள்ளைங்க சௌக்கியமா?” என்று கேட்டேன். வைத்துவிட்டான்.

போன வெள்ளிக்கிழமை, மே ஐந்து, மதியம் ஒரு அசாந்திக் குரல் கூப்பிட்டது. “அம்மா, நான் ஒசேய். நாங்க அக்ராவுல இறங்கிட்டோம். குவாபெனா இங்கதான் என் பக்கத்துல இருக்கான். போனை வாங்க மாட்டேங்கிறான். நீங்களே நேர்ல கெளம்பி வாங்க.”

போனேன். மடியில் காரி மாவு ஒட்டிய துணியோடேயே வண்டி ஏறினேன். உன் வீட்டுக்கு அரைமணி தூரத்தில் இரண்டு நாள் இருந்தேன். உனக்குச் சொல்லவில்லை. சொல்லப் பிடிக்கவில்லை.

திரும்பி வந்தவர்களை ஒரு கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பெண் மேசையில் தாளை விரித்து, “நீங்க யாருக்கு?” என்றாள். பெயர் சொன்னேன். தாளைப் பார்த்துவிட்டு, “இவருக்கு உறவுன்னு யாருமில்லைன்னு எழுதியிருக்காரேம்மா” என்றாள். நான் எட்டிப் பார்த்தேன். அவன் கையெழுத்துதான். உறவினர் என்ற இடத்தில், இல்லை.

எபே, ஐயோ! நான் அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவன் மெலிந்துபோயிருக்கிறான். கெண்டைக்காலில் ஆறாத புண். என்னைப் பார்த்து எழுந்தான், மரியாதைக்கு எழுந்திருக்கிற மாதிரி. வண்டி கசோவா ஊரைத் தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: “ஒவ்வொரு வியாழக்கெழமையும் செவுத்தோரமா குந்தியிருப்போம். ஒசேய்க்கு ரெண்டாவது வாரமே வந்துச்சு. யாவுக்கு அவங்க சித்தி கூப்பிட்டாங்க. காவக்காரன் என்னப் பாத்து சிரிப்பான். ‘உன் அம்மா வேற புள்ள பெத்துக்கிட்டாளா’ன்னு கேப்பான். ஏழு வாரம்மா. நீ தேடவே இல்லியா?”

நான், “நான் பாக்கல, எபோ. என் கண்ணுல படல” என்றேன்.

“எக்குவா அத்தை கம்ப்யூட்டர் எல்லாம் வெச்சிருப்பாங்களே. அவங்களும் பாக்கலியா?” என்றான்.

“அவளுக்கு அதெல்லாம் தெரியாதுடா” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னைக் கேட்காதே. உன்மேல் இரக்கப்பட்டு இல்லை. அவனுக்கு இருப்பது ஒரே தாய்மாமன் வீடு. புண் ஆறியபின் துறைமுகத்தில் அவனை எங்காவது நுழைத்துவிட என் தம்பியைத்தான் கேட்க வேண்டும். அவன் உன் கையால் சாப்பிட வேண்டியவன். அவனுக்குத் தெரிந்தால் உன் வாசலை மிதிக்க மாட்டான், அவன் பிடிவாதம் எனக்குத் தெரியும். ஆகவே நான் பார்க்கவில்லை என்றே இருக்கட்டும். நீயும் வாயைத் திறக்காதே. ஃபீஃபியையும் திறக்க விடாதே.

அவன் நான் வைப்பதைச் சாப்பிடுகிறான். “போதும், நன்றி” என்கிறான். பெற்ற தாயிடம் யாராவது நன்றி சொல்வார்களா, எக்குவா? விருந்தாளி மாதிரி இருக்கிறான். சரியாகிவிடும். நாளாகும்.

விதிகளை வாசித்தேன். எதையும் அடிக்கவில்லை. நான் இனி அந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. எசாபாவின் அக்கா மகன் போயிருக்கிறான், அவளுக்கு வேண்டுமானால் கொடு. திறந்து கொடு.

அஜோவா


டெமா
14 மே, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

அவன் உயிரோடு உங்கள் கூரைக்குக் கீழே இருக்கிறான். இன்று ஆராதனையில் பாட்டு வந்தபோது என்னால் பாட முடியவில்லை, நின்றுகொண்டு மட்டும் இருந்தேன். பக்கத்திலிருந்தவர் கைக்குட்டை கொடுத்தார்.

எசாபா அம்மாவுக்கு இரண்டு நாளில் அமைத்துவிடுகிறேன். விதிகளை அவரே சொல்லட்டும், நான் தட்டுகிறேன். அவர் அக்கா மகனுக்கு எத்தனை ஊர் வாயில் எத்தனை பெயர் என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்வேன்.

மற்றதில் உங்கள் சொல்லை மீறப் போகிறேன்.

நீங்கள் என்னைக் காத்தீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. இரக்கப்பட்டு இல்லை என்று எழுதியிருப்பதையும் நம்புகிறேன். ஆனால் அக்கா, அதன் விலையை அவன் கொடுத்துக்கொண்டிருக்கிறான். தன் தாய் தன்னைத் தேடவில்லை என்று நம்பிக்கொண்டு உங்கள் சட்டியிலிருந்து சாப்பிடுகிறான். நன்றி என்று சொல்லும் அந்த வாய் அதைத்தான் சொல்கிறது. நாளானால் சரியாகாது. பழகிப்போகும், அவ்வளவுதான்.

அவனுக்கு இதெல்லாம் தெரிய வேண்டும். நீங்கள் ஆறு மாதம் அடுப்புக் கருகக் கருகத் தேடினீர்கள். இறந்தவர்களின் கால்விரல்களைக்கூட விடவில்லை. நான் உங்கள் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன். அவன் பெயர் பிப்ரவரி பத்தாம் தேதி என் வீட்டுக்கு வந்து, நான் சமைக்கும் இடத்திலிருந்து நாலடியில், ஏழு வியாழக்கிழமையும் காத்திருந்தது. நான் எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பிவிட்டேன். அந்தத் தாளில் உறவினர் இல்லை என்று எழுதியதை அவன் தன் கையால் அடிக்க வேண்டுமானால், இதை யாராவது அவனுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். உங்களைவிட நான் சொல்வதே நியாயம்.

ஃபீஃபியிடம் இன்று மதியம் எல்லாம் சொல்லிவிட்டேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, “நானும் வர்றேன். ஆனா பேச வேண்டியவ நீ. நான் வாயத் தொறக்க மாட்டேன்” என்றார். அதுவே போதும்.

புதன்கிழமை முதல் வண்டியில் வருகிறோம். அவன் என் வாசலை இனி மிதிக்காவிட்டால் மிதிக்க வேண்டாம். துறைமுகத்து வேலையை உங்கள் தம்பி பார்ப்பார். அதற்கும் என் வாசலுக்கும் சம்பந்தமில்லை. என் கையால் சாப்பிடாவிட்டால் சாப்பிட வேண்டாம். உங்கள் கையால் சாப்பிடும்போது நன்றி சொல்லாமல் சாப்பிட்டால் சரி.

நாங்கள் வரும்வரை அவனிடம் எதுவும் சொல்லாதீர்கள். வாசலில் எங்களைப் பார்த்ததும் நீங்கள் உள்ளே போய்விடாமல், அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். நான் சொல்லி முடித்ததும் அவன் முதலில் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான்.

எக்குவா